பழைய குழாய்

சாப்பாட்டு மேஜையில் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் குறி பார்க்கும் ஸ்கோப் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே நாற்காலியில் என் ஏர் ரைபிள், தலையணையில் சாய்ந்தபடி, மொட்டை முதுகோடு காத்திருந்தது. இரண்டில் ஒன்றை அதன் முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். இன்று கிளப்பில் வருடாந்திரப் போட்டி. மற்றவர்களுக்குத்தான் அது போட்டி. எனக்குப் பழி தீர்க்கும் நாள்.

ஏர் ரைபிளில் வெடிமருந்து கிடையாது. உள்ளே ஒரு ஸ்பிரிங். அதை மடக்கி வைத்து விசையைத் தட்டினால், அது விரியும் வேகத்தில் காற்று ஒரு சின்ன ஈயக் குண்டைத் தள்ளும். ஆளைக் கொல்லாது. நான் குறிவைத்திருந்த ஆளைக் கொல்ல எனக்கு ஆசையும் இல்லை. உயிரோடு இருந்து, எல்லோர் முன்னாலும் தோற்று, அந்தத் தோல்வியோடு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அவள் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் அக்கா. நேரில் அண்ணி என்பேன், வாங்க போங்க என்பேன். மனசுக்குள் எப்போதும் அவள்தான்.

பழைய ஸ்கோப் என் வீட்டுக்காரருடையது. கட்டைவிரல் பருமனில் ஓர் இரும்புக் குழாய். கறுப்புப் பூச்சு தேய்ந்து, கை பட்ட இடமெல்லாம் வெளுத்திருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் உலகம் கொஞ்சம் மஞ்சளாக, எந்நேரமும் சாயங்காலமாகத் தெரியும். நடுவில் கூட்டல் குறி போல இரண்டு கோடு. நடுவில் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். குறியைச் சரிசெய்யத் திருகைத் திருப்பினால் கோடும் சேர்ந்து ஓரமாக நகர்ந்துவிடும். கண்ணை நேராக வைத்தால்தான் குண்டு சொன்ன பேச்சைக் கேட்கும். கன்னம் ஒரு நூல் விலகினாலும் போச்சு. புதியது அப்படியில்லை. டார்ச் லைட் தண்டிக்கு இருக்கும். உள்ளே பளிச்சென்று பகல். தூரத்துக்குத் தகுந்தபடி திருப்பிக்கொள்ள ஒரு வளையம். கோட்டைக் கண்ணாடியிலேயே பொறித்திருப்பதால் நடுவை விட்டு நகராது. கண் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் கோபித்துக்கொள்ளாது.

புதியதை எனக்கு விற்றவர் துப்பாக்கிக் கடைக்காரர். கிளப்பில் நடுவரும் அவர்தான். வெயில் அதிகம் என்று ஆரம்பித்தாலும் பேச்சை ஸ்பிரிங்கில் கொண்டுபோய் முடிப்பார் என்பதால் எல்லோருக்கும் அவர் ஸ்பிரிங் அண்ணன். இரண்டையும் நான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: “புதுசு உன் தப்பை மன்னிச்சிடும்மா. பழசு மன்னிக்கவே மன்னிக்காது.” அப்படியானால் என் சுபாவத்துக்குப் பழசுதான் பொருத்தம் என்று நினைத்துக்கொண்டே புதுசை வாங்கி வந்தேன்.

என் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்தபோது ரைபிள் அவருடைய அக்காவிடம் இருந்தது. அது அவர்கள் அப்பா வாங்கிக் கொடுத்தது. அக்காவும் தம்பியும் அந்த ஒரே ரைபிளில்தான் சுடப் பழகினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அது எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. அந்த வருடம் போட்டிக்கு வேண்டும் என்று இரவல் கேட்டு வாங்கிப் போனாள். அதற்குள் இங்கே இவருக்கு மருந்து ஏற்றி ஏற்றித் தலையில் முடி இல்லை, புருவம் இல்லை, கண்ணாடியில் பார்த்துவிட்டு “யாருடா இந்த ஆளு, நல்லாப் பாலிஷ் போட்டிருக்கான்” என்று அவரே கிண்டல் பண்ணிக்கொள்ளும் நிலைமை. வலி, பசி, தாகம் என்று எதையும் கேட்காத மனுஷன், ரைபிளை மட்டும் கேட்டார். சுடுவதற்கு இல்லை. மடியில் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டுமாம். நான் போன் பண்ணினேன். போட்டி முடியட்டும், நானே கொண்டுவந்து தருகிறேன், இப்போது எடுத்துக்கொண்டு அலைந்தால் குறி கலைந்துவிடும் என்றாள். மறுபடி பண்ணினேன். மறுபடியும் குறி கலைந்துவிடும் என்றாள்.

பிறகு ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பையில் ஸ்கோப் மட்டும்தான் இருந்தது. ரைபிளுக்கு அவள் புதுசு ஒன்றை மாட்டிக்கொண்டாளாம். இந்தப் பழைய குழாய் இனி எனக்கு எதற்கு, அவனிடமே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். இவர் பைக்குள் கையை விட்டு இன்னொரு தடவை துழாவினார். அவ்வளவு பெரிய ரைபிள் அந்தச் சின்னப் பையின் மூலையில் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது போல.

“துப்பாக்கி வரலையா?” என்றார்.

வரும் என்றேன். அதற்கப்புறம் அவர் படுத்தபடியே அந்த ஸ்கோப்பைக் கண்ணில் வைத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். எதிர் மாடியில் தண்ணீர்த் தொட்டி, அறுந்து தொங்கும் ஒரு ஒயர், சில சமயம் புறா. புறா வந்தால் வாய்க்குள்ளேயே “டப்” என்பார். போட்டிக்கு முந்தின வாரம் போய்விட்டார். அவள் வந்தாள், அழுதாள், நன்றாகவே அழுதாள். போட்டியன்று போய்ச் சுட்டாள், ஜெயித்தாள். அவன் இருந்திருந்தால் இதைத்தான் விரும்பியிருப்பான் என்று கிளப்பில் எல்லோரிடமும் சொன்னாளாம். அதுமுதல் வருடா வருடம் அவள்தான் சாம்பியன். என் புருஷனின் ரைபிளோடு.

அவர் போன பிறகு ஒரு நாள் அவருடைய சீப்பு, தலையணை உறை, பழைய சட்டைக் காலர் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு முடி கிடைக்கவில்லை. நோயாளி வீடு என்று எல்லாவற்றையும் துவைத்துத் துவைத்துச் சுத்தமாக வைத்திருந்தவள் நான்தான். யாரைத் திட்டுவது? நாத்தனாரைத் திட்டினேன்.

ரைபிளைத் திருப்பிக் கேட்டு அவள் வீட்டுக்கும் போனேன். வாசல் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே பேசினாள். “எங்க அப்பா வாங்கினது அது. உனக்கு எதுக்கும்மா? எந்தக் கண்ணை மூடணும்னாவது தெரியுமா உனக்கு?”

யாரைப் பார்த்து என்ன கேள்வி. நான் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையின் பின்னறையில். முன்னால் மெஷினில் கண்ணைச் சோதித்துச் சீட்டு எழுதுவார்கள். பின்னால் அந்தச் சீட்டைப் பார்த்து லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமில் உட்கார வைப்பது நான். இந்த ஊரில் பாதிப் பேர் நான் தேய்த்துக் கொடுத்ததன் வழியாகத்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவளும்தான். அந்தப் பாதி திறந்த கதவின் முன்னால் நின்றபோதே முடிவுபண்ணிவிட்டேன். அடுத்த வாரம் சொந்தமாக ஒரு ரைபிள் வாங்கிக் கிளப்பில் சேர்ந்தேன். பாவம், அவர் ஞாபகமாக வருகிறாள் என்று எல்லோரும் இடம் விட்டு நின்றார்கள். ஞாபகமாகத்தான் போனேன். யார் ஞாபகமாக என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதலில் சுவரைச் சுட்டேன், அப்புறம் குறிக்கு வைத்த இரும்புத் தகட்டை நிறுத்திய சட்டத்தைச் சுட்டேன், போகப்போகத் தகட்டையே சுட்டேன். ஒவ்வொரு தகடும் பாதி திறந்த ஒரு கதவு.

அந்தப் பழைய ஸ்கோப்பைப் பற்றி அவர் படுக்கையில் இருந்தபோது ஒன்று சொல்லியிருந்தார். சின்ன வயசில் ரைபிள் கையிலிருந்து நழுவி விழுந்து, ஸ்கோப்புக்குள் கூட்டல் குறியாக நின்ற மெல்லிய கம்பிகள் அறுந்துவிட்டனவாம். அப்பாவுக்குத் தெரிந்தால் முதுகுத் தோல் உரிந்துவிடும் என்று இவரே திறந்து, கம்பிக்குப் பதிலாகத் தலைமுடியை இழுத்து ஒட்டிவிட்டாராம். “இதுக்குள்ள அக்கா முடி இருக்கு, தெரியுமா? அப்பல்லாம் அக்காவுக்கு இடுப்பைத் தாண்டி முடி,” என்று சொல்லிச் சிரித்தார். இன்னும் என்னவோ சொல்ல வந்தார். இருமல் வந்துவிட்டது. நான் தண்ணீர் கொடுத்தேன், அப்படியே தூங்கிப்போனார். பிறகு நான் சுடப் பழகி அந்த ஸ்கோப்பில் கண் வைத்தபோதெல்லாம் அதுதான் கண்ணைக் குத்தியது. என் வீட்டுக்காரரின் கண்ணாடிக்குள் நட்டநடுவில் நாத்தனார். எந்தப் பக்கம் திருப்பினாலும் நாத்தனார். தொட்டி, ஒயர், புறா, எல்லாவற்றையும் அவர் அவள் வழியாகத்தானே பார்த்திருக்கிறார் என்று நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மதிய இடைவேளையில், எல்லோரும் சாப்பிடப் போனதும், கடையின் பின்னறையில் ஸ்கோப்பைத் திறந்தேன். உள்ளே ஒரு பித்தளை வளையம். அதன் குறுக்கே இரண்டு முடி, ஒன்று நெட்டுக்குத்தாக, ஒன்று படுக்கையாக, நாலு சொட்டுப் பசையில். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். ஒன்று மெல்லியது, ஒன்று கொஞ்சம் முரடு. ஒரே தலையில் எல்லா முடியும் ஒரே தினுசாகவா இருக்கும் என்று விட்டுவிட்டேன். இடுக்கியால் இரண்டையும் பிடுங்கி, லென்ஸ் தேய்த்த சேறு ஓடும் தொட்டியில் போட்டு, தண்ணீரை முழுசாகத் திறந்துவிட்டேன். அது சுழன்று ஓட்டைக்குள் போகிறவரை நின்று பார்த்தேன். பிறகு என் தலையிலிருந்து இரண்டைப் பிடுங்கி, இழுத்து வைத்து ஒட்டினேன். கையோடு முன்பக்க லென்ஸையும் கொஞ்சம் திருகி, கிளப்பின் தூரத்துத் தகடு பிசிறில்லாமல் தெரிகிற மாதிரி வைத்தேன். அன்றைக்கு எனக்கு நல்ல பசி. என் டப்பாவைக் காலி பண்ணிவிட்டு முன்கடைப் பெண்ணின் டப்பாவிலும் கை வைத்தேன்.

இந்த வருட ஆரம்பத்தில் அவள் இன்னொரு ஸ்கோப் வாங்கினாள். ஸ்பிரிங் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சாம்பியன் யாரிடமாவது கேட்பாளா? யாரிடமோ சொல்லி, எங்கிருந்தோ வரவழைத்தாள். உள்ளே சிவப்பாக விளக்கு எரியும், பார்ப்பதற்குப் படு கம்பீரம். ஆனால் அது தோட்டாத் துப்பாக்கிக்குச் செய்தது. தோட்டாத் துப்பாக்கி பின்பக்கம் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ரைபிள் பின்னால் ஒரு உதை, ஸ்பிரிங் போய் முட்டியதும் முன்னால் ஒரு உதை என்று இரண்டு பக்கமும் உதைக்கும். அந்த முன் உதையை வாங்கிக்கொள்ள இந்த மாதிரி ஸ்கோப்பில் ஒன்றும் இருக்காது. உள்ளே லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் காணும். பயிற்சியில் அவள் அட்டையில் ஓட்டைகள் வாரா வாரம் பக்கவாட்டில் நகர்வதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் குண்டைக் குறை சொன்னாள். காற்றைக் குறை சொன்னாள், நாலு பக்கமும் சுவர் வைத்த கிடங்குக்குள். உதைக்கு ஸ்கோப் வழுக்குகிறது என்று நினைத்து, அதைத் தாங்கும் கவ்வியோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டினாள். கடைசியில் கண்ணில்தான் கோளாறு என்று எங்கள் கடைக்கே வந்தாள். கண்ணில் ஒன்றுமில்லை. “கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணி” என்று சிரித்த முகத்தோடு வாசல் வரை போய் வழியனுப்பினேன். மற்றதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் அந்தக் கம்பீரத்துக்குள் ஒரு திருகு கழன்றுகொண்டிருப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

ஆக, துண்டின் மேல் இரண்டு ஸ்கோப். பழையதை மாட்டிக்கொண்டு ஜெயித்தால் அவள் முகத்தில் அறைந்தது போல இருக்கும். எந்தக் குழாயைத் தூக்கி எறிந்தாளோ அதே குழாய். ஆனால் தோற்றுவிட்டால்? பழைய குழாயை வைத்துக்கொண்டு வேறு என்ன பண்ண முடியும் என்று அவளே வந்து எனக்கு ஆறுதல் சொல்வாள். அதைக் கேட்பதற்குப் பதில் நான் அந்த ஸ்பிரிங்கை முழுங்கிவிடலாம். கிட்டத்துத் தகட்டிலும் நடுத் தகட்டிலும் எனக்கு இரண்டும் ஒன்றுதான். தூரத்துத் தகட்டில் பழையது என் கன்னத்தை நம்பி இருந்தது. நானே என் கன்னத்தை நம்பவில்லை. முதலில் ஜெயிக்க வேண்டும், அறைவது அப்புறம். புதியதை மாட்டித் திருகுகளை இறுக்கினேன். பழையதைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். அதை மேஜையில் தனியாக விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

கிளப் என்பது ஒரு பழைய கிடங்கு. ஒரு கோடியில் பாய் விரித்து நாங்கள். எதிரே கிட்டத்தில், நடுவில், தூரத்தில் என்று இரும்புத் தகடுகள். அடிபட்டால் பின்பக்கம் சாயும், கயிற்றை இழுத்தால் மறுபடி நிமிரும். தூரத்துத் தகடு ஒரு ஜாடி மூடி அளவுதான். மதியத்துக்குள் மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகி, நானும் அவளும் மட்டும் மிஞ்சினோம். அவள் எப்படி மிஞ்சினாள் என்பதுதான் ஆச்சரியம். ஓடுகிற எலியைப் பிடிப்பது போல, குறி எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துப் பார்த்து அவ்வளவும் தள்ளி வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். எனக்கே ஒரு நிமிஷம் மரியாதை வந்துவிட்டது. அதை உடனே உள்ளே தள்ளினேன். கடைசிச் சுற்றுக்கு முந்தின குண்டில் அது நடந்தது. அவள் கண்ணை எடுத்து, தேய்த்துவிட்டு, மறுபடி வைத்தாள். கூட்டல் குறி பெருக்கல் குறியாகச் சாய்ந்துவிட்டதாம். ஸ்பிரிங் அண்ணன் ஸ்கோப்பைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே சில்லறை குலுங்குகிற சத்தம்.

இடைவேளைக்குள் வேறு ஸ்கோப் மாட்டிக்கொள்ளலாம், குறி பார்க்கக் கொஞ்சம் குண்டும் தருவார்கள். தோற்றவர்கள் இரண்டு மூன்று பேர் தங்களுடையதைக் கழற்றி நீட்டினார்கள். ஒன்றும் உட்காரவில்லை. அந்தப் பழைய ரைபிளின் முதுகில் உள்ள பள்ளம் குறுகலானது. இந்தக் காலத்துக் கவ்விகள் அவ்வளவு சுருங்காது. அவளிடம் இருந்த, சுருங்குகிற ஒரே கவ்வியை அவளே பசை போட்டு உடைந்த ஸ்கோப்போடு ஒட்டி வைத்திருந்தாள். சுற்றி நின்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஸ்பிரிங் அண்ணன் என்னைப் பார்த்தார். அவள் விலகினால் கோப்பை என்னுடையது.

எனக்கு அது வேண்டாம். ஸ்கோப் உடைந்துபோனதால் விட்டுக்கொடுத்தேன் என்று ஆயுசு முழுக்க, போகிற வருகிற வீட்டு விசேஷங்களில் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்கு நல்ல ஸ்கோப் இருக்க வேண்டும், நல்ல கண் இருக்க வேண்டும், ஒரு சாக்கும் இருக்கக் கூடாது. அப்படித்தான் அவள் தோற்க வேண்டும். நான் என் பாயில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் வந்தாள். என் எதிரில் அவள் நின்று, நான் உட்கார்ந்திருப்பது அதுதான் முதல் தடவை.

“அந்த ஸ்கோப் உன்கிட்டதான இருக்கு?”

“என்கிட்ட ஒரு பழைய குழாய்தான் அண்ணி இருக்கு.”

அவள் முகம் சிறுத்தது. நான் பையின் ஜிப்பை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டிருந்தேன். அவசரம் அவளுக்குத்தான், எனக்கு இல்லை.

“அவனோட ஸ்கோப்பைக் குடும்மா,” என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை ஈயக் குண்டை வீணாக்கியிருப்பேன். துண்டைப் பிரித்துக் கொடுத்தேன். ரைபிளின் முதுகில் அது தன் பழைய கவ்வியோடு, பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல் போய் உட்கார்ந்தது. ஒரு நாணயத்தை வைத்துத் திருகை இறுக்கிவிட்டு, கண்ணை வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை. தூரம் இவ்வளவு தெளிவாக முன்பு தெரிந்ததில்லையே என்று முணுமுணுத்தாள். லென்ஸை நான்தான் சரிபண்ணினேன் என்றேன். அப்போது கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“முடி இன்னும் அப்படியே இருக்கு, பாரேன்.”

அவள் குரல் அப்படிக் கனிந்து நான் கேட்டதில்லை. என் நாக்கு நுனிக்குப் பதில் வந்துவிட்டது. கடித்துப் பிடித்து நிறுத்தினேன். இதை வீணாக்கக் கூடாது. இதற்கு ஒரு நேரம் இருக்கிறது.

குறி பார்க்கச் சுட்ட முதல் குண்டுகள் சட்டத்தில் பட்டுத் தெறித்தன. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். பிறகு தகடு சாய்ந்தது. கடைசிச் சுற்று தூரத்துத் தகடு மட்டும்தான். ஒருவர் மாற்றி ஒருவர். ஒருவர் வீழ்த்தி மற்றவர் தவறவிட்டால் முடிந்தது. நான் வீழ்த்தினேன். அவளும் வீழ்த்தினாள். மறுபடி நான், மறுபடி அவள். கன்னத்தைக் கட்டையில் பதித்து, கீழ் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு அவள் குறி பார்ப்பதைப் பக்கத்துப் பாயிலிருந்து பார்த்தேன். புறா வந்தால் இவரும் அப்படித்தான் உதட்டை இழுத்துக்கொள்வார். அதைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

இன்னொரு தடவை என் முறை. புதிய ஸ்கோப்பில் ஜாடி மூடி பளிச்சென்று நின்றது. தட்டினேன். சாய்ந்தது. கயிற்றை இழுத்து நிமிர்த்தினார்கள். அவள் குழலை மடக்கிக் குண்டை எடுத்தாள். துப்பாக்கி தோளுக்கு ஏறிவிட்டால் பேசக்கூடாது, அது விதி. இன்னும் ஏறவில்லை. கூட்டமெல்லாம் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஸ்பிரிங் அண்ணனுக்குக் கேட்காத அளவுக்குக் குரலை வைத்துக்கொண்டேன்.

“அண்ணி, அது உங்க முடி இல்ல. என் முடி. உங்களுதைப் பிடுங்கித் தண்ணியில விட்டுட்டேன்.”

குண்டைப் பிடித்த விரல் அப்படியே நின்றது. நான் எதிர்பார்த்தது எல்லாம் அந்த முகத்தில் வந்தது. முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது, பிறகு ரத்தம் இறங்கியது. இத்தனை வருஷம் மனசுக்குள் நான் வரைந்து வைத்திருந்த முகம் அச்சாக அதேதான். எனக்கு உச்சந்தலை வரை குளிர்ந்தது.

“ரெண்டுமா?” என்றாள்.

“ரெண்டும்தான்.”

“ஒண்ணுதானேம்மா என்னுது.” குண்டைக் குழலுக்குள் வைக்கப் பார்த்தாள். அது நழுவிப் பாயில் விழுந்து உருண்டது. “இன்னொண்ணு அவனுது. சண்டை வரக் கூடாதுன்னு ஆளுக்கு ஒண்ணு போட்டோம். நிமிர்ந்து நிக்கிறது அவனுதாத்தான் இருக்கணும்னு ஒரே அடம்.”

முரடாக இருந்தது அதுதான். என் இடுக்கிக்கு முதலில் வராமல் அடம் பிடித்ததும் அதுதான். தலையில் ஒரு முடி இல்லாமல் படுத்துக்கொண்டு, அந்த மனுஷன் நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியையும் புறாவையும் தன் முடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறார். நான் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். சீப்பில் தேடினேன், காலரில் தேடினேன். கையில் கிடைத்ததைச் சேற்றுத் தொட்டியில் போட்டு, போய்ச் சேருகிறவரை நின்று பார்த்தேன்.

நேரம் ஆகிறது என்று ஸ்பிரிங் அண்ணன் குரல் கொடுத்தார். அவள் குனிந்து பாயில் விழுந்த குண்டை எடுத்து, ஊதி, குழலுக்குள் வைத்து மூடினாள். தோளில் ஏற்றினாள். கன்னத்தைக் கட்டையில் வைத்து, கீழ் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். விரல் விசைக்குப் போனது. பிறகு விரலை எடுத்துவிட்டு, சட்டை நுனியால் ஸ்கோப்பின் கண் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி கண்ணை வைத்தாள். மறுபடியும் எடுத்துத் துடைத்தாள். கிடங்கின் அந்தக் கோடியில் ஜாடி மூடி அளவு தகடு அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அவள் கண்ணுக்கும் அதற்கும் நடுவில், ஒன்று நிமிர்ந்தும் ஒன்று படுத்தும், என் இரண்டு முடி.